பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஒரே நம்பர்

"நாப்பத்தேழூ... நாப்பத்தேழூ... அறுவத்திரெண்டூ... அறுவத்திரெண்டூ... பூஜ்ஜியம் அஞ்சூ!"

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் காலை எட்டரைக்கு இந்தக் குரலைக் கேட்டால் ஏதோ வஞ்சிரம் ஏலம் போகிறது என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஆட்டோவை நிறுத்தினேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஜோதிலட்சுமியின் கையில் மீன் இல்லை, போன் இருந்தது. எதிரே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் உள்ளங்கையில் பேனாவால் எண்களை எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்ததும் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையைப் பார்த்து ஓடியது. கல்லூரி விண்ணப்பத்துக்கு வருகிற ஓடிபி அது. பத்து நிமிடத்தில் செத்துவிடும்.

"போனையே குடுத்து அனுப்பலாமே, அந்தப் புள்ள எதுக்கு ஓடணும்?" என்று கேட்டேன்.

"போனு ஓடிச்சின்னா வியாபாரமும் கூடவே ஓடும் அண்ணாத்த. அதுங்க ஓடட்டும், கால் நல்லாதானே கீது."

ஜோதிலட்சுமிக்கு நாற்பத்து நாலு வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் கார்த்தி கடலுக்குப் போகிறான். காலையில் கரையில் மீன் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, என் ஆட்டோவில் கல்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுபோய் மாடி மாடியாக விற்பார். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் போனில்தான் சொல்லுவார்கள். அதனால் அவர் போனில் என்றைக்கும் சார்ஜ் இருக்கும், ரீசார்ஜ் இருக்கும். ஈரக் கை படாமல் இருக்க அதைக் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டால் கட்டி, கவரின் மேலேயே விரலால் அழுத்துவார். மணி அடித்தால் சேவல் கூவும். ஹலோ சொல்லும் பழக்கம் கிடையாது. "சொல்லு" என்பார்.

அந்த நம்பர் பிள்ளைகளிடம் போனது எப்படி என்பது வேடிக்கையான கதை. ஊர் பஸ் ஸ்டாப் சுவரில், படகுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்டால், "மீன் வேண்டுமா, கூப்பிடவும்" என்று எழுதி, கீழே பத்து எண்களை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உட்கார்ந்த ஆசிரியர், "மாறாத நம்பரா சொல்லுங்க" என்றாராம். வீட்டு நம்பர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். காசு போடாமல் விட்டால் சிம் போய்விடும், அப்புறம் வேறு சிம். மாறாத நம்பர் என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐந்து பிள்ளைகள் சுவரில் இருந்ததை மனப்பாடமாகச் சொல்லிவிட்டன.

ஜோதிலட்சுமிக்கு இதெல்லாம் தெரியாது. திடீரென்று ஓடிபி மேல் ஓடிபியாக வந்ததும், எவனோ தன் பணத்தை அடிக்கப் பார்க்கிறான் என்று மீன் கூடையோடு பாங்க்குக்குப் போய்க் கத்தியிருக்கிறார். "என் டப்ப எவன்டா தொடுறது" என்று கேட்டதில், மேனேஜர் எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தாராம். விஷயம் தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரையும் ஒரு பிடி பிடித்தார். ஆனால் அடுத்த வருடம் எட்டுப் பிள்ளைகள் வந்தன. இந்த வருடம் பத்தொன்பது.

"பேஜாருன்னு தெரியிதுல்ல, செவுத்த அழிச்சிட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அழிச்சா மீன யாரு வாங்குவா? உங்க அப்பனா?"

எந்தச் செய்தி எந்தப் பிள்ளைக்கு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். செய்தி இங்கிலீஷில் வரும். அவருக்கும் படிக்க வராது, எனக்கும் வராது. ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் விண்ணப்ப எண் இருக்கும். அதன் கடைசி நாலு எண்களை ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் பிள்ளையின் பேர், வீட்டு அடையாளம். "3316, பிரிசில்லா, சர்ச்சுக்குப் பின்னாடி." "0872, ஆல்வின், நாய் இருக்கும் வூடு." போன் கூவினால் மூடியைத் திறந்து, உள்பக்கத்து வரிகளில் விரலை ஓட்டுவார். பொருந்தியதும் அந்தத் தெருப் பக்கமாக ஆட்டோவைத் திருப்பச் சொல்லுவார். மதிப்பெண் எவ்வளவு என்று எந்தப் பிள்ளையையும் அவர் கேட்டதில்லை. "பஸ்ஸு நேரா போவுதா, மாறணுமா?" என்று மட்டும் கேட்பார்.

எங்கிருந்தோ தனியார் கல்லூரிக்காரர்களும் கூப்பிடுவார்கள். "மேடம், உங்க பையன் என்ன படிக்கணும்னு ஆசைப்படுறார்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"எந்தப் பையன்?"

"உங்க பையன் மேடம்."

"எனக்குப் பத்தொம்போது கீதும்மா. பொண்ணா பையனா, நம்பரச் சொல்லு, மூடியப் பாத்து சொல்றேன்."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டது.

சிரிப்பு ஒரு பக்கம். இந்த வேலையில் அவருக்கு ஒரு காயமும் உண்டு. போன வருடம் ஒருநாள் போன் கை தவறி ஐஸ் தண்ணீரில் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து இரண்டு நாள் காய வைத்தார். மூன்றாம் நாள் திறந்தால், ரஞ்சித்குமாருக்குக் கல்லூரியில் இடம், முந்தின நாள் வரச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தார்கள். இடம் வேறு பையனுக்குப் போய்விட்டது. இப்போது ரஞ்சித்குமார் ஐஸ் பாக்டரியில் வேலை செய்கிறான். தினமும் காலையில் ஜோதிலட்சுமிக்கு ஐஸ் உடைத்துப் போடுவது அவன்தான். திட்ட மாட்டான், முகம் திருப்ப மாட்டான். பேசவும் மாட்டான். அவன் உடைத்துப் போட்டு முடிக்கிற வரை ஜோதிலட்சுமியும் பேசாமல் நிற்பார். வாய் ஓயாத அவரை நான் அப்படிப் பார்ப்பது அங்கே மட்டும்தான்.

எனக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பேத்தி பிறந்திருக்கிறாள். ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் படம் காட்டுகிறேன், அது வேறு விஷயம். ஜோதிலட்சுமி படத்தைப் பார்த்து, "மூக்கு உன்னாட்டம் இல்ல. தப்பிச்சிச்சி" என்றார். அதற்குப் பிறகுதான் நான் இந்தப் படிப்பு விஷயத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு பிள்ளை கல்லூரிக்குள் கால் வைக்க எத்தனை பேர் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை.

இந்த ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். குடியிருப்பு வாசலில் மீனை இறக்கும்போது சேவல் கூவியது. ஜோதிலட்சுமி மூடியைத் திறந்தார். விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"செங்கம்மா" என்றார். "எறாக்காரர் வூட்டுப் பொண்ணு."

இரண்டாம் மாடியில் ஷபானா என்று ஒரு வாடிக்கை அம்மா. இங்கிலீஷ் செய்திகளைப் படித்துச் சொல்வது அவர்தான். மீனை விட்டுவிட்டு மாடி ஏறினார் ஜோதிலட்சுமி. நானும் பின்னால் போனேன்.

ஷபானா படித்துப் பார்த்து, "ஜோதி, நல்ல சேதி. தாவரவியல். நாளைக்குக் காலைல ஒம்பதரைக்குச் செங்கல்பட்டுல இருக்கணும். அசல் சர்ட்டிபிகேட் எல்லாம் வேணும்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு இருளர்தானே? அப்படின்னா அந்த வகுப்புல அவங்களுக்குன்னு ஒரு சீட்டுதான் இருக்கும். நேரத்துக்குப் போகலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க" என்றார்.

"அவ ஊர்லயே இல்லியே" என்றார் ஜோதிலட்சுமி.

ஊர்ப் பழைய கோட்டைக்குத் தெற்கே இருக்கிற இருளர் குடியிருப்பில் செங்கம்மாளின் வீடு, விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்து, பூட்டிக் கிடந்து ஒரு மாதம் ஆகிறது. அப்பா தனகோடி குடும்பத்தோடு முட்டுக்காட்டில் இறால் பிடிக்கப் போயிருந்தார். அவரிடம் இருந்த சிம்மும் செத்துப்போயிருந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

"உன் பிரிட்ஜில எடம் கீதாம்மா?" என்று கேட்டு, இருந்த மீனையெல்லாம் ஷபானா வீட்டில் அடைத்துவிட்டு, ஜோதிலட்சுமி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். "முட்டுக்காடு வுடு அண்ணாத்த."

"நாப்பது கிலோமீட்டர்மா. ஆட்டோவிலயா?"

"பின்ன, எனக்கு கப்பலா ஓடுது?"

மாமல்லபுரம் தாண்டி, கோவளம் தாண்டி, முட்டுக்காட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி ஆனது. ஒரு பக்கம் சுற்றுலாப் படகுகள் இரைந்துகொண்டிருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம், கழுத்தளவு தண்ணீரில் ஏழெட்டுத் தலைகள் மட்டும் தெரிந்தன. இருளர்கள் வலை போடுவதில்லை. தண்ணீரில் குந்தியபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

ஜோதிலட்சுமி கரையில் நின்று, "ஏய் செங்கம்மா!" என்று கத்தினார்.

ஏழெட்டுத் தலைகளும் திரும்பிப் பார்த்தன. ஒன்றும் பேசவில்லை. பேச முடியாது, எல்லோர் வாயிலும் பறி.

"செங்கம்மா யாருன்னு கேக்குறேன், வாயில இன்னா கொழுக்கட்டையா?"

நான்தான், "பறி கடிச்சிருக்காங்கம்மா" என்று சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஒரு தலை மட்டும் மற்றவற்றை விட்டு எங்களைப் பார்த்து நகர ஆரம்பித்தது. இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் எழுந்து நின்று, பறியை வாயிலிருந்து எடுத்தாள். ஒல்லியான பெண். உள்ளங்கை முழுக்க இறால் முள் கீறல்.

"இன்னாக்கா?"

"சீட்டு வந்துகீது. நாளைக்கு ஒம்போதரைக்கு செங்கல்பட்டுல நிக்கணும்."

"எனக்கா?"

"இல்ல, உன் எறாவுக்கு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா சேதியே வரலக்கா. எனக்கு இல்லன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

பின்னாலேயே தனகோடி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே தலையைத் துவட்டினார். பிறகு, "நாளைக்கு தண்ணி வத்தும், எறா நல்லா மாட்டும்" என்றார். ஜோதிலட்சுமி அவரை முறைத்தார். "அது இல்லம்மா. யாராண்டயும் வாயத் தொறந்து பேசாது இது. அவ்ளோ பேருக்கு நடுவுல ஒண்டியா இன்னா பண்ணும்?"

"வாயில பறிய வெச்சா எவதான் பேசுவா? எடுத்தா பேசுவா."

"காலைல இங்கேர்ந்து பஸ்ஸு மாறி மாறி எப்டி ஒம்போதரைக்கு..."

"இப்பவே கூட்டிகினு போறேன். ராவைக்கு என் வூட்ல படுத்துக்கட்டும்."

"உன் வூட்லயா?" என்றார் தனகோடி.

மீனவக் குப்பத்து வீட்டுக்குள் இருளர் யாரும் படுத்ததில்லை என்பது எனக்கும் தெரியும், தனகோடிக்கும் தெரியும்.

"வூட்லதான். பின்ன, கட்டுமரத்துலயா?" என்றார் ஜோதிலட்சுமி.

தனகோடி கரையில் போட்டிருந்த தங்கள் கூடாரத்துக்குள் போய், இரண்டு பக்கமும் மூடி போட்ட ஒரு பிவிசி குழாய்த் துண்டை எடுத்து வந்தார். உள்ளே சான்றிதழ்களைச் சுருட்டி வைத்திருந்தார். மழை வந்தாலும் நனையாது, எங்கே போனாலும் கூடவே போகும். அதில் இருந்த சாதிச் சான்றிதழ் ஒன்றுக்காக மட்டும் மூன்று வருடம் நடந்தாராம். குழாயை ஜோதிலட்சுமியிடம் கொடுக்காமல் மகள் கையில் கொடுத்தார். "நான் இன்னிக்கி எறாவ எடை போட்டுட்டு, காலைல மொத பஸ்ஸுக்கு நேரா அங்க வந்துர்றேன்" என்றார்.

மறுநாள் ஆறரைக்கு நான் ஆட்டோவோடு போனபோது செங்கம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஜோதிலட்சுமி அவளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு முனியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா ஜோதி, வூட்டுக்குள்ள புது விருந்தாளியா?"

"ஆமா, காலேஜு விருந்தாளி. நீ நாஸ்தா துன்னுட்டியா? போய்த் துன்னு."

முனியம்மா போகவில்லை. நாங்கள் தெருவைத் தாண்டுகிற வரை அங்கேயே நின்றாள். ஜோதிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டில் கல்லூரிக்குள் நுழைந்ததும் பந்தல் போட்டு "உதவி மையம்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாணவிகள் எந்த அறை, எந்தச் சான்றிதழ் மேலே, எது கீழே என்று சொல்லிக் கொடுத்தார்கள். செங்கம்மாள் தலையை ஆட்டினாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதே காலுக்குத் தனகோடி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் ஆபிரகாம் என்று பேர் அட்டை மாட்டிய ஒருவர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிச் சான்றிதழ்களைப் பார்த்தார். குழாயில் இருந்ததால் சுருண்டு சுருண்டு எழுந்த தாள்களைப் பேப்பர் வெயிட் வைத்து அடக்கினார். எல்லாம் சரி என்றார். தட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"இந்த நம்பர் எடுக்காது. இதுல ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்கு. துர்காதேவி, ரெண்டாம் வருஷம்."

"ஆமா சார், எங்க தெருப் பொண்ணுதான்" என்றார் ஜோதிலட்சுமி. "நல்லாப் படிக்கிதா?"

"அது உங்க பொண்ணா?"

"இல்ல சார்."

"அப்ப இது?"

"இதுவும் இல்ல."

ஆபிரகாம் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இங்க ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் ஏத்த முடியும். வருகை, உதவித்தொகை, பரீட்சை, எல்லாம் மூணு வருஷமும் இந்த நம்பருக்குத்தான் போகும். வேற நம்பர் சொல்லுங்க."

"வுண்ணப்பத்துக்கு எடுத்திச்சே சார்!"

"அது வேற கம்ப்யூட்டர். இது எடுக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண?"

"என் சிம்மு செத்துப்போச்சு சார்" என்றார் தனகோடி. அதைச் சொல்லும்போது ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். "புதுசு வாங்கிட்டு வந்துர்றேன்."

"வாங்குங்க. ஆனா அது ஓடிபி வர்ற அளவுக்கு வேலை செய்யணும். பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் மூடுறேன். இந்த சீட்டுக்கு அடுத்த ஆள் வெளிய வந்து உக்காந்திருக்காங்க."

வெளியே பெஞ்சில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பைலை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

தனகோடி கடைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "ஆதார் அட்ட வூட்ல கீது" என்றார். வீடு என்றால் முட்டுக்காட்டுக் கூடாரம். மணி பத்தே கால்.

அப்போதுதான் செங்கம்மாள் வாயைத் திறந்தாள். ஆபிரகாமைப் பார்த்து, "யாரு நம்பரா இருந்தாலும் எடுக்குமா சார்?" என்று கேட்டாள்.

"எடுக்கும். ஆனா எந்த நேரத்துல எது வந்தாலும் உன் கைக்கு வந்து சேரணும். அது உன் பொறுப்பு."

அவள் திரும்பி ஜோதிலட்சுமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "தாத்தா, உங்க நம்பரு மாறாதுல்ல?"

தாத்தா என்று என் பேத்தி கூப்பிட இன்னும் ஒரு வருடமாவது ஆகும். இந்தப் பெண் முதலில் கூப்பிட்டுவிட்டது. "பன்னெண்டு வருஷமா இதே நம்பர்தான்" என்றேன். ஜோதிலட்சுமி குறுக்கே விழுந்து, "இவரா? இவருக்கு இங்கிலீஷே தெரியாது!" என்றார்.

"உனக்கு மட்டும் தெரியுமா?" என்றேன்.

ஜோதிலட்சுமி தன் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். நான் நம்பரைச் சொன்னேன். ஆபிரகாம் தட்டினார். என் சட்டைப் பைக்குள் போன் சிணுங்கியது. ஓடிபியை நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். ஆபிரகாம் கடைசி எண்ணைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த மிஷினிலிருந்து ஒரு தாள் வந்தது. தாவரவியல், முதலாம் ஆண்டு, செங்கம்மாள் த. தனகோடி அந்தத் தாளை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, மகளிடமே கொடுத்தார். அவள் அதைச் சுருட்டவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை எடுத்து, பேத்தி குளிக்கும் வீடியோவைத் தனகோடிக்குக் காட்டினேன். அவரும் சந்தோஷமாகப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை ஓடவிட்டேன்.

ஜோதிலட்சுமி கையை நீட்டி என் போனை வாங்கினார். மூலையில் பேட்டரி எவ்வளவு என்று பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த வீடியோவை விரலால் மூடினார். அப்புறம் போனை என் காக்கிச் சட்டைப் பையில் போட்டு, நான் ஒருநாளும் போடாத அந்தப் பொத்தானைப் போட்டு, பையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.